கலவரம் அடங்கிய பிறகு: யாரை, எப்படி, எவ்வளவு தண்டிப்பது?

ஒரு அரசியல் கலவரத்தை அடக்க ஒரு நாளோ ஒரு வாரமோ போதும். அதில் மாட்டியவர்களை என்ன செய்வது என்பதுதான் வருடக்கணக்கில் இழுக்கும் வேலை. போலீஸ்காரரைக் கம்பியால் அடித்தவர், ஜன்னலை உடைத்து உள்ளே குதித்தவர், ஏற்கெனவே திறந்து கிடந்த கதவு வழியாகப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்பியவர், வீட்டில் உட்கார்ந்தபடி ‘கொளுத்துங்கள்’ என்று பதிவு போட்டவர், மேடையில் உசுப்பேற்றிவிட்டுக் காரில் ஏறிப் போன தலைவர் என்று பல ரகம் இருக்கிறது. எல்லோர் மேலும் ஒரே பிரிவில் வழக்குப் போட்டால் அநியாயம். தலைவரை விட்டுவிட்டு மற்றவர்களை மட்டும் உள்ளே தள்ளினால் அது அதைவிட அநியாயம்.

அண்மையில் மூன்று நாடுகள் இந்தக் கேள்விக்கு மூன்று விதமாகப் பதில் சொல்லியிருக்கின்றன. 2021 ஜனவரி 6 அன்று, தேர்தலில் தோற்ற டிரம்ப்பின் ஆதரவாளர்கள் நாடாளுமன்றக் கட்டடத்தைத் தாக்கிய பிறகு அமெரிக்கா ஒவ்வொரு ஆளாகத் தேடிப் பிடித்து வழக்கு நடத்தியது. 2023 ஜனவரி 8 அன்று தலைநகர் பிரேசிலியாவில் நாடாளுமன்றம், உச்ச நீதிமன்றம், அதிபர் மாளிகை மூன்றும் சூறையாடப்பட்ட பிறகு பிரேசில், கும்பலை ஒரே குற்றவாளியாகப் பார்த்தது. 2024 ஆகஸ்டில் பிரிட்டன் கலவரக்காரர்களை ஒரே வாரத்தில் சிறைக்கு அனுப்பியது. நான்காவதாக ஒரு வழி உண்டு, மன்னித்துவிடுவது. அமெரிக்கா கடைசியில் அதையும் செய்துகாட்டியது.

நாளைக்கு ஒரு அரசு இதில் எதைத் தேர்ந்தெடுப்பது? எந்த வழியில் அதிகப் பேர் உள்ளே போனார்கள் என்று எண்ணிப் பார்ப்பது எனக்குப் பெரிதாகப் படவில்லை. நான் பார்ப்பது வேறு. அப்பீலுக்குப் போனாலும், ஆட்சி மாறினாலும், ‘இந்த ஆள் இதைச் செய்தார், அதற்கு இது’ என்று எதிர்க்கட்சிக்காரரிடம்கூடச் சொல்ல முடிகிற தண்டனையா? அதுதான் அளவுகோல்.

வேகம்: பிரிட்டன்

2024 ஜூலை 29 அன்று சவுத்போர்ட் நகரில் ஒரு நடன வகுப்பில் மூன்று சிறுமிகள் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார்கள். கொன்றவர் புகலிடம் தேடி வந்தவர் என்று இணையத்தில் பொய்த் தகவல் பரவியது. உண்மையில் அவர் பிரிட்டனிலேயே, கார்டிஃபில் பிறந்தவர். மறுநாளே கலவரம் தொடங்கிப் பல ஊர்களுக்குப் பரவியது. ஆகஸ்ட் 7 அன்று லிவர்பூல் நீதிமன்றத்தில் முதல் தண்டனைகள் அறிவிக்கப்பட்டன. போலீஸ்காரரைக் குத்திய 58 வயதுக்காரருக்கு 3 வருடம். நீதிபதி தண்டனையை வாசித்தது தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. ஊர் முழுக்கப் பார்க்க வேண்டும் என்பதுதான் நோக்கம்.

இவ்வளவு வேகம் எப்படி வந்தது? முக்கியமான ரகசியம், சிறிய பிரிவைத் தேர்ந்தெடுத்தது. பிரிட்டனின் 1986-ஆம் வருடச் சட்டத்தில் ‘கலவரம்’ என்ற குற்றத்துக்கு 10 வருடம் வரை கொடுக்கலாம். ஆனால் குறைந்தது 12 பேர் பொது நோக்கத்தோடு சேர்ந்ததாக நிரூபிக்க வேண்டும், வழக்குத் தொடர உயர் மட்ட அனுமதியும் வாங்க வேண்டும். அதற்குக் கீழே, மூன்று பேர் சேர்ந்து வன்முறையில் இறங்கினாலே போதும் என்கிற பிரிவு ஒன்று இருக்கிறது, அதிகபட்சம் 5 வருடம். அரசுத் தரப்பு பெரும்பாலும் அதைத்தான் எடுத்தது. வீடியோ கையில் இருக்கிறது, முகம் தெரிகிறது. முதல் வாய்தாவிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு குறையும். பிறகு யார் வழக்காடுவார்கள்?

இதில் எனக்குப் பிடித்தது அந்த அடக்கம். பெரிய பெயர் சூட்டாமல், ‘நீ கல் எறிந்தாய், இதோ வீடியோ’ என்று முடிப்பது. ராதர்ஹாம் அருகே புகலிடக்காரர்கள் தங்கியிருந்த ஹோட்டலுக்குத் தீ வைத்த சம்பவத்தில் மட்டும், உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் நோக்கத்தோடு தீ வைத்த குற்றத்துக்காக ஒருவருக்கு 9 வருடம் கொடுத்தார்கள். உள்ளே ஆட்கள் இருந்தார்கள். அது சரியான கனம்தான்.

பிடிக்காததும் இருக்கிறது. வேகம் என்பது குற்றம் சாட்டப்பட்டவரின் நேரத்தையும் சேர்த்துத்தான் விழுங்கும். ஜாமீன் இல்லை, வக்கீலோடு உட்கார்ந்து பேச அவகாசம் குறைவு, ஒப்புக்கொண்டால் சலுகை உண்டு. இந்த மூன்றும் சேர்ந்தால், வாதாட ஏதாவது இருக்கிற ஆள்கூடத் தலையாட்டிவிடுவார். நீதிபதியும் ஊர் கொதித்துக்கொண்டிருக்கும்போதே தீர்ப்பு எழுதுகிறார். 2011-இல், அரசியல் கலவரம் என்பதைவிடக் கொள்ளை அதிகம் கலந்த கலவரத்துக்குப் பிறகு, இது என்ன விளைவைத் தரும் என்று பிரிட்டன் ஏற்கெனவே பார்த்திருந்தது. ராத்திரி முழுக்க நீதிமன்றங்கள் நடந்தன. 3.50 பவுண்டு மதிப்புள்ள தண்ணீர் பாட்டில்களைத் திருடியவருக்கு 6 மாதம். ஃபேஸ்புக்கில் கலவரத்துக்கு அழைப்பு விடுத்து, அந்த அழைப்பால் எந்தக் கலவரமும் நடக்காத நிலையில், இரண்டு பேருக்குத் தலா 4 வருடம். மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சிறை சென்றவர்களின் சராசரித் தண்டனை 17 மாதத்தைத் தாண்டியது. முந்தைய வருடம் அதே மாதிரிக் குற்றங்களுக்குச் சராசரி 4 மாதம்கூட இல்லை. அப்போது அரசுத் தரப்பு வழக்குகளுக்குத் தலைமை வகித்த கீர் ஸ்டார்மர்தான் 2024-இல் பிரதமர்.

வேகம்தான் கலவரத்தை நிறுத்தியதா என்பதும் அத்தனை தெளிவாக இல்லை. ஆகஸ்ட் 7 இரவே பல ஊர்களில் ஆயிரக்கணக்கானவர்கள் கலவரக்காரர்களுக்கு எதிராகத் தெருவில் இறங்கினார்கள். தண்டனையின் நீளத்தைவிட ‘கட்டாயம் மாட்டிக்கொள்வோம்’ என்கிற நிச்சயம்தான் ஆளைத் தடுக்கும் என்பது குற்றவியல் ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்ளும் விஷயம். அப்படிப் பார்த்தால், 7 நாளில் பிடித்தது வேலை செய்திருக்கும், 3 வருடம் கொடுத்தது அவ்வளவாக வேலை செய்திருக்காது. அப்புறம், இடம் என்று ஒன்று இருக்கிறதே! சிறைகள் நிரம்பி வழிந்ததால் செப்டம்பர் 10 அன்று சுமார் 1,700 கைதிகளை முன்கூட்டியே வெளியே விட்டார்கள். ஒரு பக்கம் உள்ளே தள்ளிக்கொண்டே மறுபக்கம் கதவைத் திறந்துவிட்டதைப் பார்த்தவர்களுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆளுக்கு ஆள்: அமெரிக்கா

அமெரிக்காவில் ஜனவரி 6 அன்று உள்ளே புகுந்தவர்களில் பெரும்பாலானவர்கள் நடந்தே வெளியேறி வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவர்களைத் தேடும் வேலை மறுநாள் தொடங்கியது. கண்காணிப்பு கேமரா, செல்போன் இருப்பிடப் பதிவு, அவர்களே பெருமையாகப் போட்ட வீடியோ, உறவுக்காரர்களும் பழைய காதலிகளும் கொடுத்த துப்பு என்று நான்கு வருடம் நடந்தது. ஏறக்குறைய 1,580 பேர் மீது வழக்கு. அவர்களில் 1,000 பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

எனக்கு மிகவும் மதிப்பாகப் படுவது அந்த வழக்குகளின் அகலம். அடிமட்டத்தில், நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் ஆர்ப்பாட்டம் செய்த குற்றம். அதிகபட்சம் 6 மாதம், ஜூரிகூடக் கிடையாது. அதை ஒப்புக்கொண்டவர்கள் பலர் நன்னடத்தைக் கண்காணிப்போடும் 500 டாலர் இழப்பீட்டோடும் முடித்துக்கொண்டார்கள். உச்சியில், தீவிர வலதுசாரி அமைப்புகளான ‘பிரவுட் பாய்ஸ்’, ‘ஓத் கீப்பர்ஸ்’ தலைவர்கள். ‘பிரவுட் பாய்ஸ்’ தலைவர் என்ரிக்கே டாரியோவுக்கு 22 வருடம், ‘ஓத் கீப்பர்ஸ்’ நிறுவனர் ஸ்டூவர்ட் ரோட்ஸுக்கு 18 வருடம். அரசுக்கு எதிராகச் சதி செய்த குற்றம் அது. டாரியோ அன்று அந்த ஊரிலேயே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். திட்டம் போட்டவருக்குத்தான் அதிகம் என்கிற கணக்கு.

நடுவில் இருக்கும் நூற்றுக்கணக்கானவர்களை எப்படிப் பிரித்தார்கள் என்பதைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். தண்டனை விசாரணையில் வந்த கேள்விகள் இவை: எந்தக் கதவு வழியாக நுழைந்தார்? அது அப்போது உடைந்திருந்ததா, திறந்திருந்ததா? நுழையும்போது அலாரம் அடித்துக்கொண்டிருந்ததா? போலீஸ்காரர் அடிவாங்குவதைப் பார்த்தாரா? எத்தனை நிமிடம் உள்ளே இருந்தார்? வெளியே போகச் சொன்னதும் போனாரா? மறுநாள் என்ன எழுதினார், போனில் எதையாவது அழித்தாரா? கேமராவில் நேரம் பதிவாகியிருப்பதால் பெரும்பாலும் ஊகத்துக்கே இடமில்லை. சுமார் 140 போலீஸ்காரர்கள் காயமடைந்த ஒரு நாளில், ‘யாரையும் தொடாதவர்’ என்று ஒருவரைத் தனியே பிரித்தெடுக்க இவ்வளவு மெனக்கெட்டது சாதாரண விஷயமில்லை.

சறுக்கிய இடமும் உண்டு. என்ரான் நிறுவன மோசடிக்குப் பிறகு, ஆவணங்களை அழிப்பவர்களைப் பிடிக்க 2002-இல் ஒரு சட்டம் வந்தது. அதில் ‘அதிகாரபூர்வ நடவடிக்கையைத் தடுத்தல்’ என்றொரு உட்பிரிவு, 20 வருடம் வரை தண்டனை. அன்று நாடாளுமன்றத்தில் நடந்த அதிபர் தேர்தல் ஓட்டு எண்ணிக்கையைத் தடுத்ததும் அதில் அடங்கும் என்று அரசுத் தரப்பு சுமார் 350 பேர் மீது அதைப் போட்டது. 2024 ஜூன் 28 அன்று உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் அதன் வீச்சைச் சுருக்கியது. ஜனநாயகக் கட்சி அதிபர் நியமித்த கேதாஞ்சி பிரவுன் ஜாக்சன் பெரும்பான்மையோடு நின்றார், டிரம்ப் நியமித்த ஏமி கோனி பாரெட் எதிர்த்தார். ஆக இதைக் கட்சித் தீர்ப்பு என்று தள்ளிவிடவும் முடியாது. வேறு வேலைக்குச் செய்த சட்டத்தை இழுத்துப் போர்த்தினால் எங்காவது ஒரு பக்கம் கிழியும். இங்கே கிழிந்ததும், ‘பார்த்தீர்களா, எல்லாமே ஜோடனை’ என்று சொல்ல மற்றவர்களுக்கும் வாய் கிடைத்தது.

இன்னொரு குறை, காலம். கீழே இருப்பவர்களிடமிருந்து தொடங்கி மேலே ஏறுவதற்குள் தேர்தல் வந்துவிட்டது. டிரம்ப் மீதே 2023 ஆகஸ்டில்தான் குற்றச்சாட்டு பதிவானது, 2024 நவம்பரில் அவர் வென்றதும் அந்த வழக்கு கைவிடப்பட்டது.

கும்பலே குற்றவாளி: பிரேசில்

பிரேசில் வேறு பாதை எடுத்தது. தேர்தலில் தோற்ற அதிபர் போல்சொனாரோவின் ஆதரவாளர்கள், ராணுவத் தலைமையகத்துக்கு வெளியே வாரக்கணக்கில் கூடாரம் போட்டு, ராணுவம் தலையிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஜனவரி 8 தாக்குதலுக்கு மறுநாள் அந்த முகாமைக் கலைத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பேருந்துகளில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். வழக்குகளை உச்ச நீதிமன்றமே நேரடியாக விசாரித்தது. கும்பலாகச் செய்த குற்றத்தில் ஒவ்வொருவர் கை எதைச் செய்தது என்று தனித்தனியாகக் காட்டத் தேவையில்லை, கூடியதன் நோக்கமே ஆட்சிக் கவிழ்ப்பு என்று தெரிந்து சேர்ந்தால் போதும் என்பது அந்த நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட வாதம். 2023 செப்டம்பரில் வந்த முதல் தீர்ப்பே 17 வருடம்.

இந்தியச் சட்டம் தெரிந்தவர்களுக்கு இந்த வாதம் புதிதாக இருக்காது. சட்டவிரோதக் கூட்டம், பொது நோக்கம் என்று பழைய தண்டனைச் சட்டத்தின் 149, இப்போதைய நியாய சன்ஹிதாவின் 190 சொல்வதும் ஏறக்குறைய இதுதான். ‘பெயர் தெரியாத 500 பேர் மீது வழக்கு’ என்று செய்தியில் படிக்கிறோமே, அந்த வசதி இங்கிருந்துதான் வருகிறது. ஆனால் இந்திய உச்ச நீதிமன்றம் 1964-இல் மசால்ட்டி வழக்கில் இந்தக் கொள்கையை ஏற்றுக்கொண்டே ஒரு கடிவாளத்தையும் ஒப்புக்கொண்டது. பெரிய கும்பல் என்றால் ஒரே சாட்சி சொன்னார் என்று தண்டிக்காதீர்கள், ஒருவரை இரண்டு மூன்று பேராவது முரணில்லாமல் அடையாளம் காட்டுகிறார்களா என்று பாருங்கள் என்ற கடிவாளம். வேடிக்கை பார்க்க வந்தவரையும் வேண்டாதவர் பெயரையும் கலவர வழக்கில் சேர்த்துவிடுவது எவ்வளவு சுலபம் என்று தெரிந்த அனுபவம் பேசுகிறது.

பிரேசில் வழியின் பலவீனம் ஒரு லிப்ஸ்டிக்கில் வெளிப்பட்டது. உச்ச நீதிமன்றத்துக்கு முன்னால் கண்களைக் கட்டிய நீதிதேவதை சிலை ஒன்று இருக்கிறது. அதில் ஒரு முடிதிருத்தும் பெண் லிப்ஸ்டிக்கால் ‘நீ தோத்துட்டப்பா’ என்கிற மாதிரி ஒரு வாசகத்தை எழுதினார். அதே நீதிமன்றத்தின் நீதிபதி ஒருவர் சில வாரங்களுக்கு முன்பு போல்சொனாரோ ஆதரவாளர் ஒருவரைப் பார்த்துச் சொன்ன வாசகம் அது. 2025-இல் அவருக்கு 14 வருடம் தீர்ப்பானது. லிப்ஸ்டிக்குக்காக இல்லை, ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியில் தெரிந்தே பங்கெடுத்ததற்காக என்றது நீதிமன்றம். அமர்விலேயே நீதிபதி லூயிஸ் ஃபுக்ஸ் ஒன்றரை வருடம் போதும் என்றார். ஒரே செயலுக்கு ஒன்றரை வருடமா, பதினான்கு வருடமா என்று நீதிபதிகளே இவ்வளவு தள்ளி நின்றால், வெளியே இருக்கிறவர் எதை நம்புவார்? போதாததற்கு, தாக்கப்பட்டதும் அதே நீதிமன்றம், தீர்ப்புச் சொன்னதும் அதே நீதிமன்றம், மேலே அப்பீல் போக வேறு படியும் கிடையாது. தண்டனை பெற்றவர்களுக்குப் பொதுமன்னிப்பு கொடு என்று தெருவில் இறங்கியவர்களுக்கு அந்தப் பெண்தான் போஸ்டர் முகமானார்.

சரி, பிரேசிலிடம் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லையா? இரண்டு இருக்கின்றன. முகாமில் இருந்தார்களே தவிர கட்டடங்களுக்குள் போனதாகச் சாட்சியம் இல்லாதவர்களுக்கு ஒரு ஒப்பந்தம் கொடுத்தார்கள். குற்றத்தை ஒப்புக்கொள், அபராதம் கட்டு, சமூக சேவை செய், சமூக வலைதளத்திலிருந்து ஒதுங்கியிரு, ஜனநாயகம் பற்றி 12 மணி நேரப் பாடத்தில் உட்கார், வழக்கு முடிந்தது. 500-க்கும் மேற்பட்டவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். பாடத்தால் யாராவது மனம் மாறினார்களா என்பது வேறு. மாறாவிட்டாலும் சிறையில் அடைத்து ஒரு தியாகியை உருவாக்கவில்லை.

இரண்டாவது, அவர்கள் உச்சி வரை ஏறினார்கள். 2025 செப்டம்பர் 11 அன்று போல்சொனாரோவுக்கே 27 வருடம் 3 மாதம். அதில் முக்கியமான பிரிவுகள் 2021-இல் அவரே அதிபராகக் கையெழுத்துப் போட்ட சட்டத்தில் வந்தவை. சம்பவத்துக்கு முன்பே எழுதிய, அதற்கென்றே எழுதிய சட்டம். அமெரிக்கர்கள் என்ரான் சட்டத்தை இழுத்த மாதிரி இவர்கள் எதையும் இழுக்க வேண்டியிருக்கவில்லை.

மன்னிப்பு

2025 ஜனவரி 20, பதவியேற்ற அன்றே டிரம்ப் சுமார் 1,500 பேரை மன்னித்தார், ரோட்ஸ் உள்ளிட்ட 14 பேரின் தண்டனையை அன்றோடு முடித்துவைத்தார், நிலுவையில் இருந்த வழக்குகளையும் கைவிடச் சொன்னார். கதவு திறந்திருந்ததால் உள்ளே போனவரும், போலீஸ்காரரை அடித்தவரும் ஒரே பட்டியலில் வந்தார்கள். நான்கு வருடம் பிரித்துப் பிரித்து வைத்ததை ஒரே கையெழுத்து மறுபடி ஒரே குவியலாக்கியது. என் அளவுகோலின்படி அமெரிக்க வழக்குகள் தோற்றுவிட்டன என்று நீங்கள் கேட்கலாம். மன்னிப்பு அதிகாரம் அதிபரிடம் இருக்கும்வரை எவ்வளவு கச்சிதமான தீர்ப்பும் அதைத் தாங்காது, உண்மைதான். ஆனால் யார் எந்தக் கதவில் என்ன செய்தார் என்கிற பதிவு அழியவில்லை. ஒட்டுமொத்தமாகத் தண்டித்திருந்தால் அந்தப் பதிவே இருந்திருக்காது.

மன்னிப்பே தவறு என்று நான் சொல்லவில்லை. 1794-இல் பென்சில்வேனியாவில் விஸ்கி வரியை எதிர்த்து ஆயுதம் தூக்கியவர்களில் இரண்டு பேருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அடுத்த வருடம் அன்றைய அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் அவர்களை மன்னித்தார். அங்கே கலவரம் நடந்தது அவருடைய அரசுக்கு எதிராக. தன் எதிரியை மன்னிப்பதும், தன்னைப் பதவியில் வைக்க வந்தவர்களை மன்னிப்பதும் ஒன்றில்லை.

தென்னாப்பிரிக்கா இன்னும் கறாரான ஒன்றைச் செய்தது. நிறவெறி ஆட்சிக்குப் பிறகு மன்னிப்பு வேண்டுவோர் ஆளாளுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், செயல் அரசியல் நோக்கமுடையது என்று காட்ட வேண்டும், முழு உண்மையையும் பொதுவில் சொல்ல வேண்டும். 7,112 பேர் விண்ணப்பித்தார்கள், 849 பேருக்குத்தான் கிடைத்தது. 1993-இல் கேப் டவுன் அருகே குகுலேத்துவில் ஏமி பீல் என்ற அமெரிக்க மாணவியை ஒரு கும்பல் கல்லால் அடித்துக் குத்திக் கொன்றது. தண்டனை பெற்ற நான்கு பேருக்கு 1998-இல் மன்னிப்பு கிடைத்தது. விசாரணையில் ஏமியின் பெற்றோர் அதை எதிர்க்கவில்லை. பிறகு அந்த நால்வரில் இருவர், மகள் பெயரில் பெற்றோர் தொடங்கிய அறக்கட்டளையிலேயே வேலை செய்தார்கள். எல்லாப் பெற்றோரிடமும் இதை எதிர்பார்க்க முடியாது, எதிர்பார்க்கவும் கூடாது. ஆனாலும் ‘நான் இதைச் செய்தேன்’ என்று எல்லோர் முன்னும் சொல்ல வைத்த பிறகு வருகிற மன்னிப்பு வேறு ஜாதி.

என் தேர்வு

ஒரே வழியைத்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் அமெரிக்காவின் முதல் நான்கு வருடத்தை எடுப்பேன், அந்த 20 வருடப் பிரிவு இல்லாமல். ஆனால் அப்படி ஒரு கட்டாயம் இல்லையே.

அடித்தவர்கள், தீ வைத்தவர்கள் விஷயத்தில் பிரிட்டன் மாதிரி சாதாரணப் பிரிவில் சீக்கிரம் முடிக்கலாம். ஆனால் வக்கீலுக்குச் சில வாரமாவது கொடுத்து, ஒப்புக்கொள்வதற்கான சலுகையை அதற்குப் பிறகும் குறைக்காமல் வைத்திருக்க வேண்டும். உள்ளே போய்த் திரும்பியவர்களுக்குப் பிரேசிலின் ஒப்பந்தமே போதும், சிறை வேண்டாம். தலைவர்கள் மீதான விசாரணை, மற்றவர்களின் வழக்கு முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. முதல் நாளிலிருந்தே அதற்குத் தனிக் குழு வேண்டும், ஏனென்றால் தேர்தல் தேதி யாருக்காகவும் காத்திருக்காது. சதி, ஆட்சிக் கவிழ்ப்பு போன்ற கனமான பிரிவுகளை அவர்களுக்கு மட்டும் ஒதுக்கி வைக்கலாம்.

மிகவும் இழுபறியான ரகம், வீட்டிலிருந்து பதிவு போட்டவர்கள். 2024-இல் புகலிடக்காரர் தங்கியிருந்த ஹோட்டல்களைக் கொளுத்தச் சொல்லும் பதிவுக்காக பிரிட்டனில் ஒரு பெண்ணுக்கு 31 மாதம் கொடுத்தார்கள். அவர் பேச்சுரிமைத் தியாகி என்று ஒரு பக்கம், கொலைக்குத் தூண்டியவர் என்று மறுபக்கம் இன்னும் சண்டை நடக்கிறது. இடத்தையும் நேரத்தையும் குறிப்பிட்டு ‘இங்கே வாருங்கள், இதைச் செய்யுங்கள்’ என்று அழைத்து, ஆட்கள் வந்தார்கள் என்றால் அவரை அடித்தவரோடு சேர்த்து நிறுத்தலாம். ஆத்திரத்தில் எழுதிச் சில மணி நேரத்தில் அழித்தவருக்கு, அந்தப் பதிவால் யாரும் கல்லெடுத்ததாகக் காட்ட முடியாதபோது, அபராதமும் சமூக சேவையும் போதும். 2011-இல் யாரும் வராத அழைப்புக்கு 4 வருடம் கொடுத்தவர்கள் இந்த வித்தியாசத்தைப் பார்க்க மறுத்தார்கள். 13 வருடம் கழித்தும் பிரிட்டிஷ் நீதிமன்றங்கள் அந்த இடத்திலிருந்து அதிகம் நகரவில்லை.